வராத கொப்புளிப்பான்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவர் சொன்ன பொய்களையெல்லாம் நான் நின்ற இடத்திலேயே பிடித்திருக்கிறேன். புதுச் சேலை வடிவாக இருக்கிறதா என்று கேட்டால் "ஓம், ஓம்" என்பார், கண் மட்டும் தொலைக்காட்சியை விட்டு அசையாது. அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரேயொரு தடவை கெட்டித்தனமாக ஒரு பொய்யைச் சொன்னார். டென்மார்க்கில் எங்கள் ஊரான இக்காஸ்டில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுவதும் அதை நம்பியது. நம்பாமல் விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. எட்டாம் வகுப்பு. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டெனிஷில் பதில் சொல்வாள், அப்படியே எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது. இலையுதிர்கால விடுமுறை முடிந்த கையோடு அவளுக்கு ஞாயிறு பின்னேரங்களில் வயிற்றுக் குத்துத் தொடங்கியது. நான் ஓமம் அவித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் பூச்சி மருந்து வாங்கி வந்தார். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எல்லாம் சரியென்றால் பிள்ளை ஏன் திங்கட்கிழமை காலையில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள்? எனக்கு டொக்டர் மேலும் கோபம், பிள்ளை மேலும் கோபம்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு கிழவருக்குக் காலுறை போட்டுவிட அரை மணித்தியாலம் என்றாலும் பொறுத்துக்கொண்டு நிற்பேன். யாராவது முரண்டு பிடித்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பொறுமையெல்லாம் வேலை உடுப்போடு அலுமாரியில் தொங்கிவிடும் போலிருக்கிறது. ஒரு காலையில் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினேன். பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடம் வரை ஒரு சத்தமும் இல்லாமல் வந்தாள். அங்கே கதவைத் திறந்துவிட்டு "இறங்கு பிள்ளை" என்றபோதுதான் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் நிறமே இல்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், உள்ளே போகவில்லை. பிறகு என் மடியிலேயே சத்தி எடுத்தாள். அதற்குப் பிறகு நான் அவளை இழுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடத்திய பிறகு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். ஒரு நாள் புவியியல் பாடம் நடந்துகொண்டிருந்ததாம். சும்மா இருந்தவளுக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியதாம். செத்துவிடப் போகிறேன் என்று நினைத்தாளாம். வெளியே ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் இருந்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு அந்த அறைக் கதவைக் கண்டாலே திரும்பவும் அப்படி வந்துவிடுமோ என்று பயம்.

"ஆரும் ஏதும் சொன்னவையோ?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆரும் பகிடி பண்ணினவையோ? சொல்லு குஞ்சு, அம்மா கதைக்கிறன்."

ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, எல்லோரும் நல்ல பிள்ளைகள் என்றாள். அதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் போனது. யாராவது அவளைப் பகிடி பண்ணியிருந்தால் அந்த வீட்டு மணியை அடித்து இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். சண்டை பிடிக்க ஒருவரும் இல்லாத ஒரு வருத்தத்தை என்ன செய்வது?

அந்தக் கிழமைதான் தொலைபேசி வந்தது. அடுத்த தெருவில் இருக்கிற அக்கா. எனக்கு மூத்தவர், இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குத் தெரிந்தவர். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. வீட்டுக்காரர்தான் தொலைபேசியை எடுத்தார், சத்தமாகக் கேட்கும்படி விட்டிருந்தார்.

"தம்பி, பிள்ளையை வகுப்பிலை காணேல்லையாம். என்ன, ஏதும் சுகமில்லையோ?"

நான் மூக்கைத் துடைத்துக் காட்டி, தடிமன் என்று சொல்லச் சொல்லிச் சைகை செய்தேன். அவர் என்னைப் பார்த்தார். தடிமன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் சனத்தில் ஒரு வீட்டில் வருத்தம் என்றால் பார்க்கப் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் அது சாகும்வரை ஒரு குறையாக நிற்கும். பின்னேரமே ஐந்தாறு பேர் முந்திரிகைப் பழமும் அப்பிளும் ஹோர்லிக்ஸ் போத்தலும் கொண்டு வந்து மகளின் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். காய்ச்சல் இல்லையே என்பார்கள்.

"அம்மாள் வந்திருக்கு அக்கா" என்றார் என் வீட்டுக்காரர். "கொப்புளிப்பான்."

அந்தப் பக்கம் அக்கா "ஆச்சியே, தாயே" என்று இரண்டு தரம் சொன்னார். அவ்வளவுதான். அம்மை கண்டால் அம்மாளே வந்திருக்கிறாள் என்பது எங்கள் வழக்கம், அம்மாள் வந்த வீட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டைத் தேடி வரக்கூடிய அத்தனை பேரையும் மனிதர் ஒரு சொல்லில் தடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கு அவரை நினைக்கப் பெருமையாக இருந்தது.

ஏன் மறைத்தோம் என்று கேட்பீர்கள். மகளுக்கு வந்ததைச் சொல்ல எங்களிடம் கைவசம் இருந்தது ஒரே ஒரு சொல்தான். விசர். பைத்தியம் என்கிற அந்தச் சொல்லை என் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் யாராவது வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். நாளைக்கு ஒரு நல்ல காரியம் வரும்போது, "அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலை ஏதோ இருந்ததாம்" என்று எங்கேயோ ஒரு மண்டபத்தில் யாரோ குனிந்து ஒருவர் காதில் சொல்வார்கள். அது எனக்கு இப்போதே கேட்டது.

ஒருவரும் உள்ளே வரவில்லை, சரி. ஆனால் வாசல்வரை வந்தார்கள். அக்காவின் தம்பி லண்டனிலிருந்து வந்தபோது பெட்டிக்குள் வைத்து வேப்பிலை கொண்டு வந்திருந்தாராம், அதை அக்கா கொண்டு வந்து எங்கள் கதவில் தானே கட்டிவிட்டுப் போனார். பாதி பழுத்து, பாதி காய்ந்த வேப்பிலை. ஒருவர் இளநீரைத் தகரப் பேணியில் வாங்கி வந்து படியில் வைத்தார். கோயிலில் மகளின் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. அம்மாள் நிற்கிற வீட்டில் மீன் பொரிக்க முடியாது, தாளிக்க முடியாது. எங்கள் வரிசை வீட்டில் குசினி யன்னல் நேரே தெருவைப் பார்த்தபடி. பொய் சொன்னவர் கிழமைக்கணக்கில் பருப்பும் தயிரும் சாப்பிட்டார். "ஒரு கருவாடு, ஒரு சின்னத் துண்டு" என்று என்னிடம் கெஞ்சினார். "சொன்னது ஆர்?" என்று கேட்டுவிட்டு நான் கீரையைக் கடைந்தேன்.

அவர் ஒரு பண்டகசாலையில் சாமான் தூக்குகிற போர்க்லிஃப்ற் வண்டி ஓட்டுகிறார். அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு இரண்டு பக்கமும் கதிரை வெறுமையாக இருந்ததாம். ஒருவர் யோசித்து யோசித்து, "அண்ணை, உங்கடை பிள்ளைக்குச் சின்னனிலையே வந்ததெல்லோ? ஒருக்கா வந்தால் திரும்ப வராதாமே" என்று கேட்டிருக்கிறார். உண்மை. மகள் நேர்சரிக்குப் போகிற வயதில் அது வந்து போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதை மறந்தே போயிருந்தோம். "இந்த ஊர்க் குளிருக்குத் திரும்பவும் வருமாம்" என்று இவர் சொன்னாராம். மனிதரின் பொய் பழைய தரத்துக்குத் திரும்பிவிட்டது என்று நான் நினைத்தேன். அம்மாள் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று அந்தப் பொய்யையே அவர் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் உண்மை தெரியும். வகுப்பு ஆசிரியரிடம் நான் அழுதுகொண்டே எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிற இன்னொருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெண்ணுக்குப் பாடம் படிப்பிக்கிற வேலை இல்லை. பிள்ளைகள் மனதளவில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குட்டை முடி, நனைந்த மழைக்கோட்டு, சைக்கிள். கதவில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்து, உங்களுக்கு ஏதும் பண்டிகையா, அழகாக இருக்கிறது என்றார். நான் "ஓம், ஒரு மாதிரிப் பண்டிகைதான்" என்று டெனிஷில் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன்.

கேள்வி கேட்கப் போகிறார் என்று நான் மகளுக்குத் தலை வாரி, நல்ல சட்டை போட்டு இருத்தி வைத்திருந்தேன். மனிசி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையிலிருந்து நூலும் ஊசியும் எடுத்துக் காலுறை பின்னத் தொடங்கினார். மகளுக்கும் ஒரு சோடி ஊசி கொடுத்தார். இரண்டு பேரும் குனிந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டு போனால் நன்றி, பிஸ்கற் கொண்டு போனால் நன்றி. ஒரு மணித்தியாலம் முடிந்ததும் எழும்பிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. நான் வேலையில் பாதி நாள் லீவு எடுத்துக்கொண்டு நிற்கிறேன், இவர் என் வீட்டில் இருந்து காலுறை பின்னிவிட்டுப் போகிறார்.

அடுத்த முறை வாசலில் வைத்துக் கேட்டேவிட்டேன். சிரித்தார். முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் வாயைப் பூட்டிக்கொள்வார்கள், கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றார். நான் வேலைத்தலத்தில் மற்றவர்களுக்குச் சொல்கிற அதே வார்த்தை.

அவர் சொன்னபடியே வாய் திறந்தது. குசினிக்குள் நின்று, தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்காமல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பயம் வரும்போது நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும், ஆனால் யாரும் அதில் செத்துப் போவதில்லை, ஒரு மலை ஏறி இறங்குகிற மாதிரி ஏறி இறங்கிவிடும் என்று அந்த மனிசி ஊசியைப் பார்த்தபடி சொன்னார். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடு என்றார். பிறகு சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். ஒரு நாள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும். இன்னொரு நாள் பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடம்வரை போய், எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்து, திரும்பி வர வேண்டும். "போய்ச் சும்மா இருந்திட்டு வாறதுக்கு ஏன் பெற்றோல்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆனால் வேலையால் வந்த களைப்போடு அவர்தான் கூட்டிப்போனார். இரண்டு பேரும் காருக்குள் இருந்து வானொலி கேட்டுவிட்டு வருவார்கள். எனக்குத் தெரியாமல் வழியில் ஏதோ பொரியலும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று காரின் மணத்தில் கண்டுபிடித்தேன். திட்டவில்லை. அந்த மணத்தோடு மகளின் சிரிப்பும் வீட்டுக்குள் வந்தது.

நத்தார் விடுமுறை கழிந்து அவள் பள்ளிக்கூட வாசல் தாண்டினாள். மற்றப் பிள்ளைகள் பாடத்தில் இருக்கிற நேரம், வாசிகசாலையில் அந்த மனிசியோடு ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு மணித்தியாலம் இருந்தாள். அதோடு நின்றுபோனது. வாசிகசாலையிலிருந்து எட்டாம் வகுப்பு அறைக்கு ஒரு நடைபாதை நீளம்தான். அந்த நடைபாதையில் பாதிவரை போவாள், திரும்பிவிடுவாள். கிழமைகள் போயின. ஒரு நாள் அந்த மனிசி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு முன் வகுப்புக்குள் ஒரு தடவையாவது போக முடியாவிட்டால் வேறு இடம் யோசிக்க வேண்டிவரும். வேறு ஊரில், சில பிள்ளைகள் மட்டும் படிக்கிற சின்னப் பள்ளிக்கூடம். அது கெட்ட இடம் இல்லை, ஆனால் இந்த வகுப்பு அவளுடைய வகுப்பு இல்லை என்று ஆகிவிடும்.

மகளிடம் அதைச் சொன்னபோது அவள் அழுத அழுகை எனக்கு இப்போதும் நெஞ்சுக்குள் நிற்கிறது. முதலாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த பிள்ளைகள். அவளுக்குப் போக வேண்டும். போகத்தான் முடியவில்லை.

அந்த மனிசி எங்கள் மேசையில் இருந்து, வழக்கம்போலப் பின்னிக்கொண்டு, கேட்டார்: அந்தக் கதவுக்குள் போனால் எது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறாய்?

நான் பாடம் என்று சொல்வாள் என நினைத்தேன். வீட்டுக்காரர் கணக்கு என்று என் காதில் சொன்னார்.

மகள் ஊசியைக் கீழே வைத்தாள். தொலைபேசியை எடுத்து, முன்பே அவளுக்கு வந்திருந்த ஒரு வீடியோவைக் காட்டினாள். வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேரும் கூடி நின்று கையசைக்கிறார்கள். கொப்புளத்தைச் சொறியாதே, சொறிந்தால் அடையாளம் நிற்கும், கெதியாக வா என்கிறார்கள். முன்வரிசையில் அடுத்த தெரு அக்காவின் மகள். அவள்தான் வீட்டில் கேட்டதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். வகுப்பு ஆசிரியருக்கு உண்மை தெரிந்தாலும், ஒரு பிள்ளையின் வீட்டு விடயத்தை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. பேசாமல் இருந்துவிட்டார்.

"எல்லாருக்கும் கொப்புளிப்பான் என்றுதான் தெரியும்," என்றாள் மகள் டெனிஷில். "உள்ளே போன உடனே கேட்பார்கள். நான் பொய் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது."

அந்த மனிசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொப்புளிப்பான் என்று யார் சொன்னது என்று கேட்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வீட்டுக்காரர் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு நான்தான் அம்மாளையும், வருத்தம் பார்க்க வருகிற சனத்தையும், கதவில் தொங்கிய வேப்பிலையையும் அந்த மனிசிக்கு விளக்கினேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மகளும் சிரித்தாள். கடைசியில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம், வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர.

அப்படியென்றால் யாராவது வகுப்புக்கு உண்மையைச் சொல்ல வேண்டுமே, யார் சொன்னால் உனக்கு நல்லது என்று அந்த மனிசி மகளிடம் கேட்டார்.

மகள் யோசிக்கவே இல்லை. "அப்பா."

"நானோ?" என்றார் அவர். "ஒரு மெசேஜ் எழுதி அனுப்பினால் காணாதோ?"

"அப்பாதானே சொன்னது" என்றாள், இந்தத் தடவை தமிழில். "அப்பாவே போய் மாத்திச் சொல்லுங்கோ."

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கிழமையில் ஒரு மணித்தியாலம் பாடம் இல்லை. யாராவது ஒரு பிள்ளை வீட்டிலிருந்து கேக் செய்து கொண்டுவரும், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே வகுப்பில் எது சரி, எது சரியில்லை, யாருக்கு என்ன மனக்கஷ்டம் என்று கதைப்பார்கள். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு பிள்ளையின் முறை. மகள் மாதக்கணக்கில் வகுப்புக்குள் வராவிட்டாலும் அவளுடைய முறையை அவர்கள் தாண்டிப் போகவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் மகளின் கேக் என்று தொலைபேசியில் பள்ளிக்கூடச் செயலியில் செய்தி வந்தது. சொல்ல நல்ல நேரம் அதுதான் என்று முடிவானது. தகப்பன் உள்ளே போய்ச் சொல்லுவார், மகள் வெளியே அந்த மனிசியோடு இருப்பாள், சொல்லி முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். உள்ளே போ என்று அன்றைக்கு யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

ஆனால் வகுப்புக்குச் சொன்னால் அக்காவின் மகள் வழியாக அது பின்னேரமே ஊருக்குப் போய்விடும். அதனால் முதல் நாளே நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மாளும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை அக்கா, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயப்படுகிறாள், நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, அதற்கு ஆட்கள் உதவி செய்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். இதோ வரப்போகிறது அந்தச் சொல் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பிள்ளை சாப்பிடுறாளோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம் அக்கா, இப்ப சாப்பிடுறாள்."

"நித்திரை கொள்ளுறாளோ?"

"ஓம்."

"அப்ப சரி." பிறகு, "அதுக்கேன் நீங்கள் அம்மாளை இழுத்தனீங்கள்? ஏதாவது விழுந்து கால் முறிஞ்சதெண்டு சொல்லியிருக்கலாமெல்லே" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் பயந்த அளவுக்கு அக்கா கெட்டவர் இல்லை. இவ்வளவு காலமாகத் தெரிந்தும் அதை நான் நம்பவில்லையே.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் சொக்லேட் கேக் செய்திருந்தேன். "வெறும் கேக்கோடை எப்பிடிப் போறது?" என்று அவர் நின்ற நிலையில் நின்றதால், உறைப்புக் குறைத்து மீன் ரோல்ஸும் பொரித்தேன். இவ்வளவு நாளைக்குப் பிறகு வீட்டில் மீன் மணத்தது. மனிதர் எண்ணெய் வடிய முதலே இரண்டைச் சாப்பிட்டுவிட்டார். சொல்ல வேண்டியதை டெனிஷில் ஒரு தாளில் எழுதி, குளியலறையிலும் காரிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தார். பெற்றோர் கூட்டங்களில் கதவுக்குப் பக்கத்தில் ஜக்கெற்றைக் கழற்றாமல் இருந்து "யா, யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிற ஆள் அவர். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வகுப்புக் கதவில் நீளமாக ஒரு கண்ணாடி. அதற்கு எதிரே நடைபாதையில் ஒரு வாங்கு. மகளும் அந்த மனிசியும் அதில் இருந்தார்கள். நான் கதவோடு நின்றேன். உள்ளே வகுப்பு ஆசிரியர் வீட்டுக்காரரைக் கை கொடுத்துக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினார். வீட்டுக்காரர் கேக்கையும் ரோல்ஸ் தட்டையும் மேசையில் வைத்தார். தாளை எடுத்தார். "வணக்கம்" என்று டெனிஷில் சொல்லி, இன்னாரின் தகப்பன் என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வாயைத் திறக்கிறார், மூடுகிறார். தாள் ஆடுகிறது. காது இரண்டும் இரத்தமாகச் சிவந்துவிட்டன. ஆசிரியர் ஏதோ ஆறுதலாகச் சொன்னார், இவர் தலையாட்டினார், திரும்பவும் தாளைப் பார்த்தார், திரும்பவும் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அந்த அமைதி இன்னும் மோசமாக இருந்தது. என் மனிதரை அப்படி அந்தரித்துக்கொண்டு நிற்க நான் ஒரு நாளும் கண்டதில்லை. நானே உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கதவுப் பிடியில் கை வைத்தேன்.

என் கைக்கு மேல் இன்னொரு கை வந்தது. மகள்.

"அப்பாக்கு மூச்சு முட்டுது" என்றாள். என் கையை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

வாங்கில் இருந்த மனிசி எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றார். மகள் ஒருவரையும் பார்க்காமல் நேரே தகப்பனிடம் போனாள். முழங்கையைப் பிடித்தாள். கதவு திறந்தே கிடந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"அப்பா, மெதுவா மூச்சை வெளியிலை விடுங்கோ. இன்னும் மெதுவா. ஒண்டும் நடக்காது. ஏறும், பிறகு இறங்கும்."

அவர் விட்டார். திரும்பவும் விட்டார். யன்னல் பக்கம் இரண்டாம் வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. "அதிலை போய் இருங்கோ, நான் சொல்லுறன்" என்றாள். கோட்டும் சூட்டுமாக அந்தப் பெரிய மனிதர், பிள்ளைகளுக்கு நடுவே போய், சொன்ன சொல் கேட்டு இருந்தார்.

மகள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். தாளை எடுக்கவில்லை. "எனக்குக் கொப்புளிப்பான் வரவில்லை," என்றாள் டெனிஷில். "எனக்குப் பயம் வந்தது. இந்த அறைக்குள் வரப் பயம். அப்பாவுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அதனால் அப்படிச் சொன்னார். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது." குரல் நடுங்கியது. ஆனால் வந்தது.

யாரும் கை தட்டவில்லை. யாரோ ஒரு பிள்ளை, நல்லதாகப் போயிற்று, நீ வந்துவிட்டாய் என்றது. அக்காவின் மகள் அழுதுகொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒருவன் அந்தத் தட்டில் இருப்பது மீனா என்று கேட்டான். ஓம், ஆனால் உறைக்கும் என்றாள் மகள். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தாள். முகம் மாறியது. கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்களை நோக்கி ஒரு அடி வைத்தாள். நான் கையை நீட்டிவிட்டேன். வா குஞ்சு, காணும், இன்றைக்கு இவ்வளவும் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

வீட்டுக்காரர் எழும்பினார். தான் இருந்த கதிரையை, வீட்டுக்கு ஆள் வந்தால் செய்கிற மாதிரி உள்ளங்கையால் ஒரு தரம் துடைத்தார்.

"இது உன்ரை கதிரைதானே" என்றார். "இரு பிள்ளை."

அவள் தகப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். பிறகு போய் அந்தக் கதிரையில் இருந்தாள்.

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். என்னை வாங்கில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த மணித்தியாலம் முடியும்வரை கதவு திறக்கவில்லை.